சுண்டெலிச் சிறுமூளையில் வரிகள் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு திசுவியல் ஆய்வகத்தில் சுண்டெலி மூளையைச் சீவிச் சாயமேற்றி, சிறுமூளையில் சில சாயங்களுக்கு மட்டும் தெரியும் வரிகளைத் தேடுவது என் வேலை. "என்ன வேலை செய்யறீங்க?" என்று யாராவது கேட்டு, நான் பதில் சொன்னதும் அடுத்த கேள்வி கட்டாயம் வரும். ஈஸ்டர் சமயத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோவில் வரிசையில் நின்றபோது ஒரு அக்கா கேட்டார். சட்ஸ்வர்த்தில் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து முதுகலை மாணவர்கள் எழுதிக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். ஆய்வகத்துக்கே வராதவர்களுக்கும் சில பதில்கள் உண்டு. சில, கையில் பிப்பெட்டோடு நிற்பவர்களுக்கு மட்டும்.

எலி மூளையில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் ஒரு திருத்தம்: எலி இல்லை, சுண்டெலி. நம் பேச்சில் இரண்டையும் எலி என்றே சொல்லிவிடுகிறோம். ஆய்வகத்தில் இரண்டும் வேறு வேறு கூண்டு, வேறு வேறு கணக்கு. சுண்டெலியின் முழு மூளையே அரை கிராமுக்கும் குறைவு. அதன் பின்பக்கம், கழுத்துக்கு மேலே, மடிப்பு மடிப்பாகச் சுருண்டு இருப்பதுதான் சிறுமூளை.

அளவில் சிறியது என்றாலும் எண்ணிக்கையில் இதுதான் பெரிய மூளை. மனித மூளையின் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புச் செல்களில் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன. எடையில் அது பத்தில் ஒரு பங்குதான். சுண்டெலியில் ஏறக்குறைய 7 கோடியில் 4 கோடிக்கும் சற்று மேல். பெரும்பாலானவை துகள் செல்கள் என்னும் மிகச் சிறிய செல்கள். நடப்பது, கை நீட்டிக் குவளையை எடுப்பது, காவடியைத் தோளில் சாயாமல் நிறுத்தி ஆடுவது எல்லாம் இந்தச் சிறுமூளை சரியாக இருந்தால்தான் கூடிவரும்.

சாதாரணச் சாயத்தில் என்ன தெரியும்?

அழகாகத்தான் தெரியும், ஆனால் எல்லா இடமும் ஒரே மாதிரி தெரியும். சிக்கலே அங்கேதான்.

செல்களுக்கு நிறம் கொடுக்கும் வழக்கமான சாயமான கிரெசில் வயலெட் போட்டுப் பாருங்கள். வெளியே செல்கள் குறைந்த வெளிர்ந்த அடுக்கு. உள்ளே கேழ்வரகைக் கொட்டியது போல் நெருக்கமாகத் துகள் செல்களின் அடுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒற்றை வரிசையாகப் பெரிய செல்கள். அவைதான் பர்கின்ஜி செல்கள். செக் நாட்டவரான பர்கின்ஜி 1837-இல் அவற்றை விவரித்ததால் அந்தப் பெயர். சிறுமூளைப் புறணியிலிருந்து வெளியே போகும் செய்தி முழுவதும் இந்தச் செல்கள் வழியாகத்தான் போகிறது. அதனால்தான் நாங்கள் எல்லோரும் அவற்றையே சுற்றிச் சுற்றி வருகிறோம்.

1873-இல் இத்தாலியரான கோல்ஜி ஒரு வெள்ளிச் சாய முறையைக் கண்டுபிடித்தார். பொட்டாசியம் டைக்ரோமேட்டில் ஊறிய திசுவைச் சில்வர் நைட்ரேட்டில் போட்டால், நூற்றில் சில செல்கள் மட்டும் முழுசாகக் கறுத்து நிற்கும். மற்றவை தெரியாமலே போகும். அந்தக் குறையே வரமாயிற்று. எல்லாம் கறுத்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. 1888-இல் ஸ்பெயின் நாட்டவரான கஹால் அதே முறையால் பறவைகளின் சிறுமூளையைப் பார்த்து வரைந்தார். 1906-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு. அவர்கள் காட்டிய நரம்புச் செல் இணைப்பு, சிறுமூளையின் எந்த மூலையில் பார்த்தாலும் ஒன்றுதான். அதனால் சிறுமூளை முழுக்க ஒரே துணி, எங்கே கிழித்தாலும் ஒரே நெசவு என்ற எண்ணம் வெகுகாலம் ஊன்றிவிட்டது.

அப்படியானால் வரிகள் எங்கிருந்து வந்தன?

சாயத்தை மாற்றியதும் வந்தன. 1963-இல் சுண்டெலிச் சிறுமூளையில் 5-நியூக்ளியோடிடேஸ் என்ற நொதி இருக்கும் இடத்தை ஸ்காட் என்பவர் வேதிச் சாயத்தால் காட்டினார். வெளி அடுக்கில் அந்த நொதி கோடு கோடாக விட்டு விட்டு இருந்தது. துணி ஒன்றுதான், சரிகை மட்டும் இடையிடையே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஆன்டிபாடிகளின் காலம் வந்தது (ஒரு பொருளில் மட்டும் போய் ஒட்டுபவை, அவை எப்படிச் சாயமாகின்றன என்பது கீழே). இந்தத் துறையில் எல்லோருக்கும் பழக்கமான ஆன்டிபாடி ஜீப்ரின் 2 என்ற புரதத்துக்கு எதிரானது (இனி ஜீப்ரின்). கனடாவில் ஹாக்ஸ் குழுவினர் 1990-இல் வெளியிட்டார்கள். மென்மின்சாரம் வீசும் ஆப்டெரோனோட்டஸ் என்ற மீனின் சிறுமூளையைக் கூழாக்கிச் சுண்டெலிக்கு ஊசி போட்டு எடுத்த ஆன்டிபாடி அது. மீனுக்காகச் செய்தது, பாலூட்டிகளின் சிறுமூளையைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டியது. வரிக்குதிரையின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான் ஜீப்ரின் என்ற பெயர். ஹ்லுஹ்லுவே காட்டுக்கு வண்டி எடுத்துப் போய் வரிக்குதிரை பார்த்து வந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்குப் படமே தேவைப்பட்டதில்லை.

அந்த ஜீப்ரின் என்ன பொருள் என்பது 1994-இல் தெரிந்தது: ஆல்டோலேஸ் சி, சர்க்கரையை உடைக்கும் நொதிகளில் ஒன்று. பெயர் தெரிந்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஏதோ ரகசியப் புரதம் என்று நினைத்தால், சமையலறைச் சாமான் போல் எங்கும் இருக்கும் வகை.

வரிகள் எப்படி அமைந்திருக்கின்றன?

கோடு போட்ட புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். கோடுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. அந்தக் கோடுகளுக்குக் குறுக்காக, விசிறி மடிப்பது போல் மடித்துக்கொண்டே போங்கள். சிறுமூளையும் அப்படித்தான். மடிப்புகள் இடமும் வலமுமாக ஓடும், வரிகள் முன்னிருந்து பின்னாக, மடிப்புகளைக் கடந்து ஓடும். மடிப்பின் பள்ளத்துக்குள் இறங்கி மறுபக்கம் ஏறினாலும் அதே வரி தொடரும்.

நடுக்கோட்டில், சரியாக வகிடு எடுத்தது போல், ஜீப்ரின் உள்ள ஒரு பட்டை. அதற்கு பி1+ என்று பெயர். இடமும் வலமும் பி2+, பி3+ என்று பி7+ வரை எண்ணிக்கொண்டு போகலாம். அவற்றின் இடையே ஜீப்ரின் இல்லாத பட்டைகள். வலப்பக்கம் இருப்பதுதான் இடப்பக்கமும். முக்கியமானது இது: ஒரு சுண்டெலியில் இருப்பதுதான் இன்னொரு சுண்டெலியிலும். வரிக்குதிரைக்குக் குதிரை வரி மாறும், சுண்டெலிச் சிறுமூளையில் மாறாது. பெயர் வைத்தவர்கள் இதை யோசிக்கவில்லை போல.

ஆனால் முன்னிருந்து பின்வரை எங்கும் வரிதான் என்று நினைத்தால் தவறு. நடுப்பகுதியின் மடிப்புகளைப் பத்து மடல்களாகப் பிரித்து, ரோம எண்களில் எழுதுவார்கள். ஒன்று முதல் ஐந்து வரை முன் மண்டலம். அங்கே ஜீப்ரின் பட்டைகள் ஒல்லி, இடைவெளிகள் அகலம். ஆறும் ஏழும் நடு மண்டலம். அங்கே ஏறக்குறைய எல்லாப் பர்கின்ஜி செல்லிலும் ஜீப்ரின் இருக்கும், வரியே தெரியாது. எட்டும் ஒன்பதின் மேல்பாதியும் பின் மண்டலம், மறுபடி வரிகள், இந்தமுறை பட்டையும் இடைவெளியும் ஏறக்குறைய சம அகலம். ஒன்பதின் கீழ்ப்பாதியும் பத்தும் கடைசி மண்டலம், அங்கே மறுபடி எல்லாச் செல்லிலும் ஜீப்ரின்.

வரி இல்லாத மண்டலத்தில் எல்லாச் செல்லும் ஒன்றுதானா?

நல்ல கேள்வி, என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே மிக நல்ல கேள்வி. இல்லை. ஜீப்ரினுக்குப் பதில் எச்.எஸ்.பி.25 என்ற புரதத்துக்கான ஆன்டிபாடியைப் போட்டால், ஜீப்ரின் ஒரே நிறமாகக் காட்டிய ஆறாம் ஏழாம் மடல்களிலும் பத்தாம் மடலிலும் வரிகள் எழுந்து வரும். முன் மண்டலத்தில் அது ஒன்றும் காட்டாது. ஒரு சாயம் "எல்லாம் ஒன்று" என்று சொல்லும் இடத்தில் இன்னொரு சாயம் பிரித்துக் காட்டுகிறது.

வெற்றுப் பட்டைகளுக்கும் இதே நியாயம். புதிதாக வரும் மாணவர்கள் வெளிர்ந்த பட்டையைக் காட்டி, "இங்கே செல் செத்துப்போச்சா அக்கா?" என்று கேட்பார்கள். பக்கத்துச் சீவலில் எல்லாப் பர்கின்ஜி செல்லிலும் இருக்கும் கால்பின்டின் என்ற புரதத்துக்கான ஆன்டிபாடியைப் போட்டுக் காட்டுவேன். எல்லாப் பர்கின்ஜி செல்லும் வரிசை குலையாமல் நிற்கும். பி.எல்.சி. பீட்டா 4 என்ற புரதத்துக்குச் சாயமேற்றினால், ஜீப்ரின் இல்லாத செல்கள்தான் நிறம் ஏறி நிற்கும். புகைப்படத்தின் நெகட்டிவ் பிரதி மாதிரி இருக்கும். ஆன்டிபாடி தான் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். நிறமில்லாத இடத்தைப் பற்றி அது சொல்வதெல்லாம், "நான் தேடிய புரதம் இங்கே எனக்கு அகப்படவில்லை" என்பதுதான்.

எந்தத் திசையில் சீவ வேண்டும்?

வரி பார்க்க வேண்டுமானால் குறுக்காக, காதிலிருந்து காது பக்கமாக. மடல்களையும் மண்டலங்களையும் பார்க்க வேண்டுமானால் நெடுக்காக, மூக்கிலிருந்து பிடரிப் பக்கமாக.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான்கு மூளைகளை நெடுக்காகச் சீவி, இரண்டு நாள் பாடுபட்டு ஜீப்ரின் போட்டேன். ஒரு சீவலில் முன் மண்டலம் முழுக்கப் பழுப்பு, அடுத்ததில் முன் மண்டலம் முழுக்க வெறுமை. ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, புதிது வாங்கச் சொல்லி எழுதியே விட்டேன். மேசைக்கு வந்த மூத்தவர் ஸ்லைடைக் கண்ணாடி வழியாகத் தூக்கிப் பார்த்து, "கோடு போன திக்கிலேயே வெட்டியிருக்கே" என்றார். ஆமாம், ஒரு வரிக்குள்ளேயே கத்தி போயிருக்கிறது. வெங்காயத்தை எப்படி வெட்டினால் வளையம், எப்படி வெட்டினால் நீளத்துண்டு என்று தெரிந்த எனக்கு இது தோன்றவில்லை.

சாய்ந்த வெட்டும் ஆபத்துதான். மூளையை மேடையில் ஒட்டும்போது இடப்பக்கம் சற்றே தூக்கிவிட்டால், ஒரே சீவலில் இடப்பக்கம் ஐந்தாம் மடலும் வலப்பக்கம் ஆறாம் மடலும் வந்து உட்காரும். சமச்சீர் இல்லை என்று கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

ஆன்டிபாடி என்றால் உடம்பில் நோயை எதிர்ப்பதுதானே? அது எப்படிச் சாயமாகும்?

(கோவில் வரிசையில் அக்கா கேட்டது.) அதேதான். ஒரு ஆன்டிபாடி தனக்கென்று உள்ள ஒரு பொருளில் மட்டும் ஒட்டும். அதற்கு நிறம் கிடையாது. ஜீப்ரினில் போய் ஒட்டிய அந்த முதல் ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ள இரண்டாவது ஆன்டிபாடி ஒன்றை அனுப்புகிறோம். அதன் வாலில் ஒரு நொதியைக் கட்டியிருப்பார்கள். கடைசியாக டி.ஏ.பி. என்ற வேதிப்பொருளையும் துளி ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஊற்றினால், நொதி இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்புப் படிவு விழும். கூட்டத்தில் ஒருவரைக் கண்டுபிடிக்க அவர் உறவுக்காரரை அனுப்பி, உறவுக்காரர் கையில் பந்தம் கொடுத்த மாதிரி. பந்தம் தெரிகிற இடத்தில் ஆள் இருக்கிறார்.

நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? படிகளைச் சொல்லுங்கள்.

ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும் விலங்கின் இதயம் வழியாக முதலில் உப்புநீர், பிறகு 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு செலுத்துகிறோம். இந்தப் படியைச் சரியாகச் செய்தால் மீதி எல்லாம் பாதி சுலபம். இரத்தம் நன்றாக வெளியேறியிருந்தால் கல்லீரல் வெளுத்துவிடும், அதுதான் அடையாளம். மூளையை எடுத்து அதே திரவத்தில் ஓர் இரவு குளிர்பெட்டியில் வைப்போம். பிறகு 30 சதவீதச் சர்க்கரைக் கரைசல். முதலில் மிதக்கும், ஊறியதும் அடியில் போய் உட்காரும். உட்காரும்வரை தொடவே கூடாது. அவசரப்பட்டு உறையவைத்தால் பனிப்படிகங்கள் திசுவைக் குத்திப் பொத்தல் போட்டு, சீவல் பூச்சி அரித்த துணி போல் வரும்.

உறைந்த திசுவைச் சீவும் கிரையோஸ்டாட் பெட்டிக்குள் மைனஸ் 20 டிகிரி, வெளியே டர்பனின் டிசம்பர் 30 டிகிரி. ஈரக்காற்று நுழைந்து கத்தியில் பனி பூத்துவிடும். கோடையில் சீவல் வேலையை விடிகாலைக்கு மாற்றிக்கொண்டுவிட்டேன். 40 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு) கனத்தில் சீவி, சின்னக் குழிகளில் மிதக்க விடுகிறேன். மிதக்கும் சீவலில் ஆன்டிபாடி இரண்டு பக்கமும் நுழையும், அதனால் சாயம் சீராக ஏறும்.

அதன் பிறகு பெராக்சைடில் ஒரு முழுக்கு. சிவப்பணுக்களில் இயல்பாகவே அந்த நொதியின் வேலையைச் செய்யும் பொருள் உண்டு, அதை முதலில் அடக்க வேண்டும். பிறகு ஆட்டுச் சீரத்தில் ஊறவைத்துக் கண்டபடி ஒட்டும் இடங்களை அடைப்போம். முதல் ஆன்டிபாடி ஓர் இரவு, கழுவல், இரண்டாவது இரண்டு மணி நேரம், மறுபடி கழுவல், டி.ஏ.பி. சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் ஃபோனை எடுக்காதீர்கள். முதலில் வரி எழும்பும், கொஞ்சம் விட்டால் பின்னணியும் எழும்பி வரியை முழுங்கிவிடும். டி.ஏ.பி. புற்றுநோய் உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படுவது, கையுறை கழற்றாமல் வேலை செய்யுங்கள், கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

சீவல் முழுவதும் இரத்தக்குழாய்தான் பழுப்பாகத் தெரிகிறது. ஏன்?

ஜீப்ரின் ஆன்டிபாடி சுண்டெலியில் செய்தது. நீங்கள் போடுவதும் சுண்டெலித் திசு. இரண்டாவது ஆன்டிபாடிக்கு "சுண்டெலி ஆன்டிபாடி எங்கிருந்தாலும் பிடி" என்பதுதான் கட்டளை. இரத்தக்குழாயில் தங்கிய சுண்டெலியின் சொந்த ஆன்டிபாடிகளையும் அது பிடித்துக்கொள்கிறது. உப்புநீரால் நன்றாகக் கழுவியிருந்தால் இது பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் இதற்கென்றே விற்கும் தடுப்புக் கரைசலைப் போடலாம், அல்லது முயலில் செய்த ஆல்டோலேஸ் சி ஆன்டிபாடிக்கு மாறலாம்.

கன்ட்ரோல் (ஒப்பிட்டுச் சரிபார்க்கும் சீவல்) கட்டாயமா?

கட்டாயம். முதல் ஆன்டிபாடி போடாமல் ஒரு சீவல், அது வெறுமையாக வர வேண்டும். சாயம் ஏறும் என்று நன்றாகத் தெரிந்த வேறொரு மூளைச் சீவல், அது ஏற வேண்டும். இரண்டும் இல்லாத படத்தை எனக்கு அனுப்பி "இது வரிதானே?" என்று கேட்டால், நான் பதில் எழுதுவதில்லை.

வெட்டாமல் முழுச் சிறுமூளையையும் ஒரேயடியாகச் சாயமேற்ற முடியுமா?

முடியும், பார்க்கக் கண்கொள்ளாது. மெத்தனால் நான்கு பங்கு, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் ஒரு பங்கு கலந்த டென்ட் கரைசலில் ஊறவைத்து, பெராக்சைடு சேர்த்து வெளுத்து, உறையவைத்து உருக்குவதைப் பலமுறை திருப்பிச் செய்து, புரதத்தை உடைக்கும் புரோட்டினேஸ் கே நொதியைக் கொஞ்சம் காட்டினால், திசு இளகி ஆன்டிபாடிக்கு வழிவிடும். ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் நாள்கணக்கில் நேரம் கொடுக்க வேண்டும். கடைசியில் சிறுமூளை மேற்பரப்பு முழுவதும் வரிகள் புள்ளிக்கோடு போல் எழுந்து நிற்கும். சீவல்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு வாரம் தலைவலிப்பதை இது ஒரே பார்வையில் தந்துவிடும். ஆனால் ஆன்டிபாடி மேற்பரப்பிலேயே நின்றுவிடும், ஆழமான பள்ளங்களுக்குள் இருப்பதற்குச் சீவலைத்தான் நம்ப வேண்டும்.

பழுப்புச் சாயமா, ஒளிரும் சாயமா?

இரண்டு மூன்று புரதங்களை ஒரே சீவலில் ஒப்பிட ஒளிரும் சாயம். வைத்துப் பார்க்க, பாதுகாக்கப் பழுப்பு. வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் காயப்போட்டால் வெளுத்துப் போகுமே, ஒளிரும் சாயங்களும் அப்படித்தான். வெளிச்சம் பட்டுப் பட்டுச் சாகும். படம் எடுத்த பிறகு அந்த ஸ்லைடை நம்பி இருக்காதீர்கள்.

வரிகள் பிறக்கும்போதே இருக்குமா?

இருக்கும், ஆனால் வரியாக இல்லை. சுண்டெலியின் கர்ப்பம் ஏறக்குறைய 19 நாள். பர்கின்ஜி செல்கள் 10-ஆம் நாளிலிருந்து 13-ஆம் நாளுக்குள் பிறந்துவிடும். பிறந்ததும் மேலே நகர்ந்து, பிரசவத்துக்கு முன் கொத்துக் கொத்தாகக் கூடும். எந்தக் கொத்து எந்தப் புரதத்தைக் காட்டும் என்பது அப்போதே பிரிந்திருக்கும். பிறந்த பிறகு துகள் செல்கள் வெளியடுக்கில் பெருகிப் பெருகி, சிறுமூளை பலூன் போல் உப்பி மடிகிறது. அந்த இழுப்பில் கொத்துகள் நீண்டு ஒற்றைச் செல் கனத்தில் விரிந்து வரிகளாகின்றன. ஜீன் பழுதானதால் ரீலின் என்ற புரதம் இல்லாத சுண்டெலிகளில் இந்த விரிதல் நடப்பதில்லை, பர்கின்ஜி செல்கள் பெரும்பாலும் அடியிலேயே கட்டியாகத் தங்கிவிடும். தள்ளாடி நடப்பதைப் பார்த்துத்தான் 1951-இல் அந்தச் சுண்டெலிக்கு ரீலர் என்று பெயர் வைத்தார்கள்.

ஆகவே முதிர்ந்த ஜீப்ரின் வரி வேண்டுமானால் மூன்று வாரம் தாண்டிய விலங்கு எடுங்கள். பிறந்த ஐந்தாம் நாள் குட்டியில் ஜீப்ரின் போட்டுவிட்டு "வரலையே" என்று வருந்த வேண்டாம். அந்த வயதுக்கு வேறு குறிகள் உண்டு.

எந்த ஜீன் வரியை வரைகிறது?

ஒரே ஜீன் இல்லை. எங்ரெய்ல்டு 1, 2 என்ற ஜீன்களைக் கெடுத்தால் மடல்களும் வரிகளும் சேர்ந்தே குலைகின்றன. ஈ.பி.எஃப்.2 ஜீன் இல்லாத சுண்டெலியில், ஜீப்ரின் இல்லாதிருக்க வேண்டிய செல்கள் பலவற்றில் ஜீப்ரின் வந்துவிடுகிறது. ஜீப்ரினை அடக்கிவைப்பதும் ஒரு செல்லின் வேலை என்பது அதிலிருந்து தெரிகிறது. பட்டை என்பது ஒரு பக்கம் ஏற்றுவதால் மட்டும் வருவதில்லை, மறுபக்கம் அடக்குவதாலும் வருகிறது.

நீல நிறத்திலும் ஊதா நிறத்திலும் படங்கள் பார்த்தேன். அவை என்ன?

நீலம் பெரும்பாலும் எக்ஸ்-கால் என்ற வேதிப்பொருள் தருவது. ஒரு ஜீனின் கட்டுப்பாட்டுப் பகுதியோடு பாக்டீரியாவின் லாக்-இசட் ஜீனை ஒட்டிய சுண்டெலிகளில், அந்த ஜீன் விழிக்கும் செல் மட்டும் நீலமாகும். ஊதா என்றால் பெரும்பாலும் ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் செய்ய ஜீனிலிருந்து எடுத்த படியை, தேடும் சாயம். புரதம் நெடுந்தூரம் நார்களுக்குள் போய்விடும், ஆர்.என்.ஏ. பெரும்பாலும் செல் உடலில் இருக்கும். அதனால் எந்தச் செல் செய்கிறது என்று தெளிவாகச் சொல்ல ஊதா உதவும்.

வரி வெறும் அலங்காரமா, அதற்கு வேலை உண்டா?

உண்டு. மூளைத்தண்டில் ஆலிவ் என்ற நரம்புச் செல் திரளிலிருந்து ஏறிவரும் நார்கள் வரிகளின் எல்லையை மதித்தே வந்து முடிகின்றன. எந்தப் பகுதியிலிருந்து கிளம்பிய நார் எந்தப் பட்டைக்குப் போகும் என்று கணக்கு உண்டு. தண்டுவடத்திலிருந்து வரும் நார்களும் முன் மண்டலத்தில் பட்டைகளாகவே இறங்கும். விழித்திருக்கும் சுண்டெலிகளில் மின்முனை வைத்து 2014-இல் பார்த்தபோது, ஜீப்ரின் உள்ள செல்கள் நொடிக்கு ஏறக்குறைய 60 முறையும் இல்லாதவை ஏறக்குறைய 90 முறையும் துடித்தன. பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனால் தாளம் வேறு.

மனித நோயோடு என்ன சம்பந்தம்?

பர்கின்ஜி செல்கள் சாகும்போது தாறுமாறாகச் சாவதில்லை. செல்களுக்குள் கொழுப்பு தேங்கும் நீமான்-பிக் சி என்ற பரம்பரை நோயுள்ள சுண்டெலிகளில், முன் மண்டலத்தின் ஜீப்ரின் இல்லாத செல்கள் முதலில் போகின்றன, பத்தாம் மடல் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது. பாதி நோயில் எடுத்த மூளையில் கால்பின்டின் போட்டாலே வரிகள் தெரியும். அங்கே வெற்றிடம் உண்மையிலேயே மரணம். வெற்றுப் பட்டை என்றால் செல் செத்ததாக எண்ணாதே என்று மேலே சொன்ன எச்சரிக்கைக்கு மறுபக்கம் இது.

இந்த நாட்டுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. நடையும் பேச்சும் தள்ளாடி, கண்பார்வையும் போகும் எஸ்.சி.ஏ.7 என்ற பரம்பரைச் சிறுமூளை நோய் உலகில் அரிது, ஆனால் தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களிடையே ஒரு பொது மூதாதையரிடமிருந்து வந்த வடிவமாகக் காணப்படுகிறது. இன்னொன்று, கருவிலிருக்கும் குழந்தைக்கு மதுவால் நேரும் பாதிப்பு. உலகில் பதிவான மிக உயர்ந்த விகிதங்களில் சில மேற்குக் கேப் மாநிலத்தில்தான். திராட்சைத் தோட்டக் கூலியில் ஒரு பங்கை மதுவாகவே கொடுத்த பழைய வழக்கத்தின் நிழல் அது. புதிதாகப் பிறந்த எலிகளுக்கு மது கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், முதலில் முதிரும் மடல்களின் பர்கின்ஜி செல்கள் அதிகம் அழிந்தன. எந்த மடல், எந்தப் பட்டை என்று சொல்ல வரைபடம் வேண்டும், அந்த வரைபடத்தைச் சாயம்தான் தருகிறது.

அங்கே மின்வெட்டு இருந்ததே, மாதிரிகள் கெடவில்லையா?

2023-இல் ஒரு நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தள்ளினோம். மைனஸ் 80 டிகிரிப் பெட்டி மூடியே இருந்தால் சில மணி நேரம் தாங்கும், மின்சாரம் வந்து வந்து போனால் அதன் இயந்திரம்தான் முதலில் பழுதாகும். ஆன்டிபாடியைச் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து இரண்டு பெட்டிகளில் வைக்கப் பழகினேன். ஒருமுறை உலர்பனிப் பொட்டலம் ஒன்று வழியில் நாட்கணக்கில் நின்று, வெறும் வெதுவெதுப்பான குப்பியாக வந்து சேர்ந்தது. எங்கள் நாணயமான ராண்டில் அதன் விலையைச் சொன்னால் எங்கள் வீட்டில் மயக்கம் போடுவார்கள்.

பாவம் இல்லையா?

அம்மா இன்னும் கேட்கிறார். இலகுவான பதில் என்னிடம் இல்லை. 1962-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே உண்டு, எஸ்.ஏ.என்.எஸ். 10386 என்ற தேசியத் தரவிதி உண்டு, ஒவ்வொரு ஆய்வுக்கும் விலங்கு நெறிக்குழுவின் அனுமதி வேண்டும். எத்தனை விலங்கு, ஏன் அத்தனை என்று எழுதிக் காட்ட வேண்டும். நான் என் பங்குக்கு ஒரு மூளையின் சீவல்களை ஆறு வரிசைகளாகப் பிரிக்கிறேன். ஒரு வரிசை ஜீப்ரினுக்கு, ஒன்று கால்பின்டினுக்கு, ஒன்று கிரெசில் வயலெட்டுக்கு, மீதி உறைபதனக் கரைசலில். இரண்டு வருடம் கழித்து வேறொருவருக்கு வேறு கேள்வி எழுந்தால் புது விலங்கைத் தொட வேண்டாம்.

தமிழில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

நான் பர்கின்ஜி, ஜீப்ரின், ஆன்டிபாடி என்று அப்படியே எழுதுகிறேன். பிறபொருளெதிரி என்ற பாடப்புத்தகச் சொல்லை இங்கே யாரும் புரிந்துகொண்டதில்லை. ஆனால் வரி, பட்டை, மடல், சீவல், சாயம் போன்ற சொற்கள் இருக்கும்போது அவற்றை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. "சீவல்" என்றதும் பிள்ளைகள் பாக்குச் சீவலை நினைத்துச் சிரிக்கிறார்கள், மெல்லியது என்பதும் கூடவே புரிந்துவிடுகிறது.

பள்ளி மாணவன் நான். வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

ஜீப்ரின் முடியாது, விலங்கைத் தொடவே வேண்டாம். சிறுமூளையின் ஆயத்த ஸ்லைடுகள் விலைக்குக் கிடைக்கும், பள்ளி நுண்ணோக்கியே போதும். பத்து மடங்குக் கண்ணாடியில் மூன்று அடுக்குகளையும் கண்டுபிடி, பிறகு நாற்பதுக்குப் போய் நடுவில் நிற்கும் பெரிய செல்களை வரிசையாக எண்ணி, பென்சிலால் வரைந்து அனுப்பு. அந்த ஸ்லைடில் வரி தெரியாது. ஏன் தெரியாது என்பதையும் ஓரத்தில் எழுது.